அ. அண்ணாமலை இருவர்

11 ஆகஸ்ட், வியாழன்

காலையிலேயே வெயில். எட்டு மணிக்குக் கரண்ட் போய் யூபிஎஸ் கத்த, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் 'கம்ப்யூட்டர் மேடம்' என்று பெயர் வாங்கிவிட்டால் கரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

பெரிய டாக்டர் (இனி பெ.டா., கை வலிக்கிறது) கூப்பிட்டார். 19ந் தேதி பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் வருவதற்குள் புது சாஃப்ட்வேர் ஓட வேண்டுமாம். இரண்டு வருஷமாகச் சும்மா இருந்துவிட்டு எட்டு நாள் கெடு.

இப்போது இருப்பவை:
– ரிசப்ஷனில் ஒன்று. பழசு. கறுப்புத் திரை.
– லேபில் ஒன்று. வேறு நம்பர்.
– மருந்துக் கடையில் ஒன்று. மற்ற இரண்டோடும் பேச்சுவார்த்தை இல்லை.
– வார்டில் எழுதும் மஞ்சள் அட்டை, நோயாளி கையோடு கொண்டுபோய்க் கொண்டுவருவது. முக்கியமானது எல்லாம் சிவப்பு மையில்.

நான்கையும் ஒன்றாக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று நம்பரோடு உட்கார்ந்திருக்கிறார். யார் யார் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க விதி கேட்டார் சென்னைக் கம்பெனி பிரகாஷ். போனிலேயே சொன்னேன்: பெயர், இனிஷியல், ஊர், கதவு எண், வயதில் இரண்டு வருஷத்துக்குள். ஐந்தும் ஒத்தால் ஒரே ஆள்.

"ஊர்ப் பேருங்க எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் மேடம். நீங்க சொன்னா சரி."

பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

12 ஆகஸ்ட், வெள்ளி

புழுக்கம். மாலை இடி மட்டும், மழை இல்லை.

நாள் முழுக்க பாஸ்வேர்டு பஞ்சாயத்து. இதுவரை மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒரே பாஸ்வேர்டு, சாமி பெயர். வாட்ச்மேனுக்கும் தெரியும். இனி ஆளுக்கு ஒன்று. நர்ஸுகள் பிளாஸ்திரியில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவிட்டார்கள். கிழித்துப் போட்டேன். மருந்துக் கடைக்காரர் என் காதில் விழும்படி, "என் சம்சாரத்துக்கே தெரியும், இவங்களுக்குத் தெரிஞ்சா என்னவாம்" என்றார்.

பிரகாஷ் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார். யார் யார் ஒரே ஆள் என்று பட்டியல் போட்டவரே அதற்குச் சம்மதம் கொடுக்கக் கூடாது. விதி என்னுடையது, அதனால் ஒவ்வொரு ஜோடியையும் வேறு ஆள் திறந்து பார்த்து 'சேர்' என்று அமுக்க வேண்டும். அந்த வேலை ரிசப்ஷன் செல்விக்கு. நான் சேர்ந்த நாளில் எனக்கு வழி காட்டியவள். என் வயசுதான். என்ன சொன்னாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

பட்டியல் பதினெட்டுப் பக்கம். தலை சுற்றியது.

13 ஆகஸ்ட், சனி

செல்வி காலை முதல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். நடுவில் நோயாளிகள், போன், டோக்கன். மூன்று மணிக்குப் பாதிகூடத் தாண்டவில்லை. நாத்தனாருக்கு வளைகாப்பாம், செங்கம் போக வேண்டுமாம். கேட்கவே தயங்கினாள். போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரை அவள் பெயரிலேயே திறந்து கிடந்தது. நான் அமுக்கக் கூடாது, தெரியும். திங்கள் சுதந்திர தினம், லீவு. செவ்வாய் வரை யார் காத்திருப்பது?

முதல் நாலு பக்கம் இரண்டு ரெக்கார்டையும் திறந்து பார்த்தேன். அப்புறம் முதல் வரி மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. ஐந்தரைக்கு முடிந்தது.

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் அவர் முகம் தூக்கினார்.

16 ஆகஸ்ட், செவ்வாய்

ஓடுகிறது! லேபில் போட்டது வார்டில் தெரிகிறது. பெ.டா. வரிசையாக எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு இரண்டு.

ரிசப்ஷனில் போர்டு வைக்கச் சொன்னேன்: 'இனி அட்டை கொண்டுவரத் தேவையில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் உள்ளது.' செல்வியின் கையெழுத்து அழகு.

20 ஆகஸ்ட், சனி

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று மத்தியானம் மூன்று மணி. கூட்டம் ஜாஸ்தி. அ. அண்ணாமலை, வயது 24, ஊர் அடி அண்ணாமலை. காலில் பாட்டில் கண்ணாடி ஏறியிருந்தது. டியூட்டி டாக்டர் புதியவர். ஏதாவது ஊசி ஒத்துக்காதா என்று கேட்டிருக்கிறார். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொன்னார்களே சார் என்றிருக்கிறான் அவன். டாக்டர் பார்த்தார். இதே பென்சிலின் இரண்டு முறை போட்டிருக்கிறது, தொந்தரவு இல்லை. அதனால் டெஸ்ட் டோஸ் போடாமல் நேரே போட்டுவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, நாடி விழுந்துவிட்டது. பெ.டா. ஓடி வந்தார். பிழைத்தான். ஐசியூவில் இருக்கிறான்.

அவன் அம்மா வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பழைய மஞ்சள் அட்டையை வரவழைத்தாள். சிவப்பு மையில் 'பென்சிலின் கூடாது'. அட்டையைக் கொண்டுவந்தவனிடம் பெயர் கேட்டேன். அண்ணாமலை என்றான்.

ஐசியூவில் இருப்பவனின் பெரியப்பா மகன். அப்பாக்களில் அண்ணன் அருணாசலம், தம்பி ஆறுமுகம். இரண்டு பேரும் தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரே வீடு, ஒரே கதவு எண், ஒரு வயசு வித்தியாசம். தம்பி மகனுக்கு இனிஷியல் ஆ. வரவேண்டும். ரிசப்ஷன் படிவத்தில் இங்கிலீஷ் எழுத்து, இரண்டும் ஒன்றேதான். இரண்டு ரெக்கார்டும் ஒன்றானபோது, முரண்படுகிற இடத்தில் புதியது நின்றது, பழையது போனது, அதிலிருந்த 'பென்சிலின் கூடாது' உட்பட. புதியது பெரியப்பா மகனுடையது.

சென்னைக்காரருக்கு இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். என் அண்ணனும் சித்தப்பா மகனும் கந்தசாமிகள். பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறோம். இருபத்தெட்டு வருஷமாக.

22 ஆகஸ்ட், திங்கள்

லேசான தூறல்.

யார் சேர்த்தது என்று பெ.டா. கேட்டார். யார், எப்போது, எதை அமுக்கினார்கள் என்று சாஃப்ட்வேர் குறித்து வைக்கிறது. இங்கே அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. திறந்தேன். 13ந் தேதி. மாலை 4.40. செல்வி.

4.40க்குச் செல்வி செங்கம் பஸ்ஸில் இருந்தாள்.

பிரிண்ட் எடுப்பதற்கு முன் நேரம் என்கிற கட்டத்தை எடுத்துவிட்டேன். மூன்று வினாடி வேலை. ஏன் செய்தேன் என்று எழுத வரவில்லை. பயம். வேறென்ன.

செல்வியைக் கூப்பிட்டார்கள். பேப்பரைப் பார்த்தாள். மீதியை நான் முடித்ததை அவள் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொன்னால் ஒப்புக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் பெ.டா.

சைக்கிள் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நீங்க பாத்ததுல தப்பு வராது மேடம். நான்தான் டோக்கன் குடுத்துக்கினே அமுக்கினேன். ஒரு உசுரு போயிருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

23 ஆகஸ்ட், செவ்வாய்

அவனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டான். அவன் அம்மா மஞ்சள் அட்டையை மடியிலேயே வைத்திருக்கிறாள். "இத இனிமே வச்சிக்கட்டுமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்கிறாள். வச்சிக்கோங்க என்றேன். போர்டை எடுத்துவிட்டேன்.

என் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. உடம்பு சரியில்லையா என்றார் அவர். ஆமாம் என்றேன்.

செல்விக்கு வேலை போனதை விட, தவறு தன்னுடையது என்று அவள் நம்புவதுதான் தாங்கவில்லை.

24 ஆகஸ்ட், புதன்

வெயில். பதினோரு மணிக்கு முழுப் பிரிண்டோடு பெ.டா. அறைக்குப் போனேன். நேரத்தைக் காட்டினேன். அவள் நாற்காலியில் இருந்தது நான், விதியும் என்னுடையது, திங்களன்று நேரத்தை மறைத்ததும் நானே என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நின்றேன். கோபப்பட்டிருக்கலாம்.

"உன்ன விட்டா இத யாரும்மா பாக்கறது? செல்வி மாதிரி ஆளு நாளைக்கே கெடைக்கும். இந்தப் பேப்பர நான் பாக்கல. போய் அவ லாகினை மூடு."

பேப்பரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

என் இடத்துக்கு வந்தேன். செல்வியின் பெயர் மேல் 'மூடு' அமுக்கினேன். காரணம் கேட்டு ஒரு பெட்டி வந்தது. எழுதாமல் மூட விடாது, எழுதியதை யாராலும் அழிக்க முடியாது, என்னாலும். எழுதினேன்: 'இவர் மேல் தவறில்லை. 13ந் தேதி மதியம் 3 மணிக்குப் பிறகு இந்தப் பெயரில் சேர்த்ததெல்லாம் நான்.' கீழே என் பெயர், இனிஷியல், அப்பா பெயர் முழுசாக. அமுக்கினேன். பிரகாஷுக்கும் அதையே மெயிலில் அனுப்பினேன், அன்று சேர்த்தது எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லி. என் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை.

அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டு வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் செல்வி வீடு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னாள். நான் வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அந்தப் பையன நான் ஒண்ணும் பண்ணலையா மேடம்?"

இல்லை என்றேன்.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, புருஷனிடம், "ஏங்க, அது நான் இல்லையாங்க" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.