மடங்கிய விரலும் பக்கவாசலும்

பஸ் கம்பியைப் பிடித்தே காலம் தள்ளிய என் நைனாவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதக் காரணம் என் வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்திருக்கின்றன. உனக்கு மடங்கிய அதே இரண்டு விரல்கள்.

யார் கேட்டாலும் நீ ஒரே பதில்தான் சொல்வாய். "முப்பது வருஷம் கம்பியப் புடிச்சிக்கினு நின்னேன்பா, கை அப்பிடியே நின்னுபோச்சு." நாங்களும் நம்பினோம். ஆனால் நான் கண்டக்டர் இல்லையே, வயரிங் வேலை செய்கிறவன். எனக்கு எப்படி வந்தது?

உன் மருமகள் எஸ்தர் ஒரு மாதம் விளக்கெண்ணெய் போட்டு இழுத்துப் பார்த்தாள். அம்மா உனக்குச் செய்த அதே வைத்தியம். எனக்கு உயிர் போனதுதான் மிச்சம். உனக்கும் அப்போது வலித்ததா? ஒரு நாளும் நீ வாய் திறக்கவில்லையே.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கையை மேஜைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். முக்கால்வாசி படிந்தது. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்து, கயிறு மாதிரித் திரண்டு விரலை இழுக்கிறதாம். எண்ணெய் போட்டு இழுத்தால் நிமிராதாம். இப்போதைக்குக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கை மேஜையில் படியவே படியாமல் போனால் ஊசியாலோ ஆபரேஷனாலோ அந்தக் கயிற்றை அறுக்கலாம், ஆனாலும் திரும்ப வரக்கூடும் என்றார். சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார்.

"வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க நைனாவுக்கு. கம்பி புடிச்சதால வந்துச்சும்பாரு."

"கம்பிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. குடும்பத்துல வர்றதுதான் இது."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவன், செருப்பைப் பக்கவாசலில் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் உறைத்தது. அது நீ செருப்பு விடும் இடம்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் முன்வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். நீ மட்டும் பக்கவாசல் வழியாக நழுவிவிடுவாய். உனக்கும் அவருக்கும் ஆகாது என்று வீடே முடிவுகட்டியது. அம்மா கிறிஸ்துமஸ் பலகாரத்தைத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அவர் வீட்டை மட்டும் விட்டுவிடுவாள். உன் அடக்கத்தன்று அவர் கடைசிவரை நின்றார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது நைனா.

கையை நீட்டத்தானே கூசினாய்? எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே. எப்போது முதன்முதலாகக் கவனித்தாய்? தனியாக இருக்கும்போது நீயும் மேஜைமேல் வைத்துப் பார்த்தாயா?

அம்மாவிடம் சொன்னேன். "அப்போ சண்டையே இல்லியா? அந்த மனுசன் வூட்டுக்கு ஒரு முறுக்குகூடக் குடுக்கலியேடா நானு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை முன்வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஆராதனை முடிந்து வரிசையில் நின்றேன். இடது கையில் அம்மா கொடுத்தனுப்பிய அதிரச டப்பா. என் முறை வந்ததும் வலது கையை நீட்டினேன். மடங்கிய விரல் அவர் உள்ளங்கையில் குத்தியிருக்க வேண்டும். பாஸ்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க நைனா கை, பாஸ்டரய்யா. இதனாலதான் அவரு பக்கவாசல்ல போனாரு."

அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். "எம்மேல கோவம்னே நெனச்சிக்கினு இருந்தேன்பா, இத்தினி வருஷமா" என்றார். பின்னால் வரிசை காத்திருந்தது. அவர் கையை விடவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கையை மேஜையில் வைத்துப் பார்ப்பேன் நைனா. படியவே படியாத அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போவேன். என் பிள்ளைகளிடமும் காட்டிவிட்டேன். பக்கவாசல் பக்கம் இனி போகமாட்டேன்.

உன் விரல்கள் வாய்த்த மூத்த மகன்,
சாமுவேல்