கெட்டிக் கல்லும் வெடித்த பல்லும்

அன்பு மாப்ளே,

ஆடி 14, புதன், காலை 10.40. நான் சாணை பிடித்த, குவாரியில் பாறை துளைக்கும் பிட் இருபத்து மூன்று. பாறையில் முனைப் பல் வெடித்துத் திரும்பி வந்தவை ஒன்பது.

நீ மாரடைப்பில் போனபின் பாடாலூர்ப் பட்டறையை உன் தேன்மொழியும் நானும்தான் ஓட்டுகிறோம். தங்கை என்றுதான் பெயர், முதலாளி அவள்தான்.

தப்பு என்னுடையது. நீ வாங்கும் பச்சைச் சாணைக் கல் சீக்கிரம் கரைந்துவிடும். "கல்லாடா இது, பிஸ்கட்டா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நீ போனதும் கெட்டியான கல்லாகப் பார்த்து மாட்டினேன். வெர்னியர் அளவுகோல் வைத்துக் கல்லை அளந்தேன். தேய்மானமே இல்லை. மார்தட்டிக்கொண்டேன்.

முந்தாநாள் குவாரி மேஸ்திரி வெடித்த பிட்டுகளைச் சாக்கோடு கொட்டினார்.

"என்னங்க தம்பி, பத்துக் குழி போடறதுக்குள்ள பல்லு வெடிக்குது? உங்க மாப்ள கையில இப்படி ஆனதில்லையே. இன்னும் ஒரு தடவதான். அப்பறம் பெரம்பலூருக்குக் கொண்டு போயிருவேன்."

அந்தக் குவாரி போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

அவர் போனதும் தேன்மொழி சொன்னாள்: "அண்ணே, எங்க வீட்டுக்காரரு கல்லு தூளாக் கொட்டுதான்னு பாப்பாரு. நீ கொட்டாம இருக்கான்னு பாக்குற."

அப்போதுதான் கல்லுக்கு அடியில் நீ வைக்கும் ஈரத் தட்டு உறைத்தது. விழுந்த தூளை விரலால் தேய்த்து, நறநறத்தால் தலையாட்டுவாயே. அதில் நான் கடலை வைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

நேற்று இரண்டு கல்லின் சில்லையும் பாலிடெக்னிக்கில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். என் கல்லில் துகள்கள் மழுங்கிப் பளபளத்தன. அறுக்காமல் தேய்த்திருக்கின்றன, சூட்டில் பல் விரிசல் விட்டிருக்கிறது. உன் கல்லில் துகள்கள் விளிம்பு தெறித்துப் புதுக்கூர் காட்டின. மழுங்கியவை உதிர்ந்து, உள்ளே இருந்தவை மேலே வந்திருந்தன. கெட்டியான பல்லுக்கு மெத்தென்ற கல். இது உனக்கு எப்படியடா தெரிந்தது?

இன்னொன்று புரியவில்லை. ஒரே கல்லில் ஒரு துகள் மழுங்குகிறது, பக்கத்தில் இருப்பது சில்லாகத் தெறிக்கிறது. ஏன்? நீ இருந்தால் "வேலையப் பாரு" என்றிருப்பாய்.

நேற்று மாலை உன் கடைசிக் கல்லை மாட்டி மூன்று பிட் பிடித்தேன். மேஸ்திரி இன்று காலை எடுத்துப் போனார். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை சும்மா இருக்க முடியாது. செய்யப்போவது இது, சத்தியமாக:

1. கெட்டிக் கல்லைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுப்பேன்.
2. வெடித்த ஒன்பதுக்கும் தப்பு என் கையில் என்று மேஸ்திரியிடம் நேரில் சொல்வேன்.
3. எந்தத் துகள் ஏன் தெறிக்கிறது என்று தெரியும்வரை மைக்ரோஸ்கோப்பை விடமாட்டேன்.
4. தட்டைக் கழுவிக் கல்லுக்கு அடியில் வைப்பேன். கடலைக்கு வேறு தட்டு.

பிஸ்கட் என்ற வாயை மூடிக்கொண்ட
உன் மச்சான்