புது ஈர்க்கு

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் சொல்லலாம்தான், நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஈர்க்கைப் போனில் அனுப்ப முடியாது.

அவள் கால் அளவுக்கு நான் ஒடித்துக் கொடுத்த ஒரே தென்னை ஈர்க்கை வைத்து, மூன்று தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து செருப்பு வாங்கி வந்தீர்கள். மூன்று முறையும் சரியாக இருந்தது. "பாத்தியா, என் அளவு தப்பாது" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேனே! வளர்கிற பிள்ளைக்கு எப்படி ஒரே அளவு?

ஆஸ்பத்திரிக்குக் காட்டலாம் என்றதும், உங்கள் அம்மாவின் குள்ளச் சாடையைப் பழிப்பதாக நினைத்துக் கோபத்தோடு பஸ் ஏறிவிட்டீர்கள். பெரம்பலூர் டாக்டரம்மா கை எக்ஸ்ரேயைக் காட்டி, "எட்டு வயசுப் புள்ளைக்கு அஞ்சு வயசு எலும்புங்க. கழுத்துல இருக்குற தைராய்டு சரியா சுரக்கல. யாரு சாடையும் இல்ல, யாரு குத்தமும் இல்ல" என்றார்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. என் தோட்டை விடச் சின்னது. எட்டு மாதத்தில் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. வகுப்பில் தூங்கி விழுந்தவள் இப்போது வாய் மூடுவதில்லை. இத்தனை உயரமும் இத்தனை பேச்சும் இவ்வளவு நாள் அவளுக்குள் எங்கே காத்துக் கிடந்தன? தலை வாரும்போதெல்லாம் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

புது ஈர்க்கை இதோடு வைத்திருக்கிறேன். பழையது உங்களிடம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செருப்பைப் பார்சலில் அனுப்பாதீர்கள். அது வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பத்தாமல் போய்விடும்.

இப்படிக்கு,
அளவெடுத்தவள்