ஞாயிற்றுக்கிழமைப் பாதை

சிஸ்டர்,

நம் குடியிருப்போர் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைத் தேடி பீரோவைக் குடைந்தபோது உங்கள் நீலச் சாப்பாட்டுப் பை கையில் சிக்கியது. உள்ளே இரண்டு சாக்பீஸ் துண்டுகள். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகியும் அதில் ஆஸ்பத்திரி வாசனை போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாம்பை எதற்குத் தேடினேன் என்று உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நம் பாதையைக் கொடுத்துவிடப் போகிறேன். செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாக நாம் அலைந்து வாங்கிய பாதை. அதில் பாதியில் பைக் நிறுத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம். புது அலுவலக வளாகத்து மேனேஜர் டைப் அடித்தே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கமிட்டியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. செயலாளர் நான் ஒருத்தன்தான் பாக்கி.

அந்த வளாகத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே நீங்கள் என் வீட்டு கேட்டைத் தட்டினீர்கள். "சார், இது எழும்பிட்டா நான் டூட்டிக்கு சைக்கிள்ல போன மாதிரிதான். ஸ்கூல் பொண்ணுங்க இப்பவே பஸ்ஸுக்கு நடுவுல ஓட்டுதுங்க. நீங்க டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவர்தானே, ஒரு ப்ளான் போட்டுக் குடுங்களேன்."

டேப் எடுத்துக்கொண்டு வந்தேன். அதைத் தொடவே விடவில்லை நீங்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு, பக்கத்தில் என்னை நடக்கவிட்டு, என் கையில் இந்தப் பையைத் தொங்கவிட்டீர்கள். "எதிர்ல இன்னொரு சைக்கிள் வந்தாலும் பை இடிக்கக் கூடாது. அதான் சார் அகலம்." சர்ச் முடிந்து, கட்டிய நல்ல புடவையோடு ரோட்டில் குனிந்து சாக்பீஸ் கோடு போடுவீர்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். நான் வரைந்ததை நகராட்சி இன்ஜினியர் ஒரு கோடுகூட மாற்றாமல் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த மிதப்பு கொஞ்சநஞ்சமில்லை.

பாதை வந்தது, வளாகமும் திறந்தது. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பாதை முழுக்க பைக். நாம் அளந்ததெல்லாம் லீவு நாளில். ரோட்டோரம் காலியாகக் கிடந்ததை நம்பி, வண்டி நிறுத்த ஓர் அடிகூட நான் காட்டவில்லை. மேலே ஏறாமல் தடுக்க ஒரு கல்கூடக் காட்டவில்லை. நாற்பது வருடம் ப்ளான் போட்டவன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்களோ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"அடக் கடவுளே, ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் ரோடு போட்டுட்டோமே சார்!"

அப்புறம் முதல் பைக்குக்கு முன்னால் போய் நின்று சைக்கிள் பெல்லை அடித்தீர்கள். ஆள் வரும்வரை விடவில்லை. "எடுப்பா கண்ணு, அக்கா போகணும்ல." டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் இதேதான். தலைமுடி கொட்டி, ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்த நாட்களில்கூட அடித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு நானும் சில மாதம் அடித்துப் பார்த்தேன். ஒருநாள் ஒருத்தன், "இன்னா பெருசு, பேஜார் பண்ற? சுத்திகினு போயேன்" என்றான். அன்றிலிருந்து சுற்றிக்கொண்டுதான் போகிறேன். சலித்துவிட்டது சிஸ்டர். மனு, மீட்டிங், மறுபடி மனு. முழங்கால் வேறு வலிக்கிறது. அந்தப் பெண் பிள்ளைகள் இன்னமும் பஸ்ஸுக்கு நடுவில்தான் ஓட்டுகிறார்கள். நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

இதுவரை மத்தியானம் எழுதியது. சாயங்காலம் கடிதத்தை வாங்க மேனேஜர் வந்தார். நல்ல பிள்ளைதான். "உங்க ப்ளான்லயே பார்க்கிங் காட்டலையே சார், எங்க ஸ்டாஃப் எங்க விடுவாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். தப்பு என்னுடையது. பேனாவை எடுத்தேன். உங்கள் பை மேஜைமேலேயே கிடந்தது. கையெழுத்துப் போட்டேன், மேலே ஒரு வரி சேர்த்து எழுதி, ஸ்டாம்பும் குத்தினேன்.

படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "'ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்'னு எழுதிருக்கீங்க? சார், சண்டே எங்களுக்கு லீவு சார்!"

"தெரியும் தம்பி. அன்னைக்குதான் நாங்க அளந்தோம்."

நாளைக்குக் கமிட்டி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். ஆக்கட்டும். பையை என் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டி வைத்திருக்கிறேன். காலையில் அது எந்த பைக்கில் இடிக்கிறதோ, அங்கே நின்று பெல் அடிக்க வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. போகிறேன், சிஸ்டர்.