வெல்டருக்கு நான் சொன்ன பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய சாமி படத்தை, என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் செருப்பு அலமாரியில் வீசினான். "என் கடவுள் மட்டும்தான் உண்மை. உன்னோடது வெறும் பொம்மை" என்றான். அவனே எடுத்து வைக்கட்டும் என்று படத்தை அங்கேயே விட்டேன்.

போன வாரம் அவன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். மாத்திரை கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே தலைமாட்டில் நின்று அவனுக்காக நம் சாமியிடம் சத்தமாக வேண்டினேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான். காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

முந்தாநாள் அவனே படத்தைத் துடைத்து மாட்டினான். "உன் சாமி என்னை மாதிரி ஆளையும் ஏத்துக்குமாடா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஏத்துக்காது" என்றேன்.

நீங்கள் என்னை அப்படி வளர்க்கவில்லை. ஆனாலும் அவன் முகம் சுருங்கியது எனக்கு இனித்தது.

அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. எனக்கு இங்கே பேச வேறு ஆளும் இல்லை. ஊரிலிருந்து யாராவது இங்கே வேலைக்கு வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்