அமுதா அக்கா மெஸ்ஸுக்கு சி.எம்.எஸ். வேண்டுமா

12, வியாழன்

காலையில் தூறல். மாடியில் காயப்போட்ட துணி மறுபடி ஈரம்.

ஒன்பதுக்கு அமுதா அக்கா போன். கனகசெட்டிக்குளத்தில் மீன் சாப்பாட்டு மெஸ் வைத்திருக்கிறார். படகு வந்ததும் இன்று என்ன மீன் என்று சொல்வார். நான் கருவடிக்குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி அவருடைய வெப்சைட்டில் அந்த ஒரு வரியை மாற்றுவேன். மூன்று வருடமாக இதே வேலை. தவளக்குப்பத்திலிருந்துகூட ஆட்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறார்கள். இன்று: சங்கரா, காரப்பொடி. கூடவே பாதி ஊர்க்கதை.

திங்கள் முதல் எனக்குக் கம்பெனி வேலை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், மதியம்தான் தருவார்களாம். அப்புறம் மீன் பெயரைப் போட்டு யாருக்கு லாபம்?

சி.எம்.எஸ். என்கிற மென்பொருளைப் போட்டால் வெப்சைட் முழுவதையும் அக்காவே தன் போனில் எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

வேண்டும்: மாற்றித்தர வேறு ஆள் இல்லை.

வேண்டாம்: மாறுவது ஒரே வரி. அதற்கு அப்டேட், பாஸ்வேர்டு, ஆயிரம் தொல்லை. மலையைக் கெல்லி எலி பிடிக்கிற கதை.

வேண்டாம் (யாரும் படிக்கப்போவதில்லை, எழுதலாம்): ஒன்பது மணி போன் நின்றுவிடும்.

13, வெள்ளி

போட்டாச்சு. பஸ்ஸில் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். "கலை, இவ்ளோதானா?" என்று என்னைக் கேட்டார் அக்கா. அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டிருக்க வேண்டாம்.

பக்கத்து மேசைக்காரர்: "கொழம்புல புளி கம்மி." அக்கா காதிலேயே வாங்கவில்லை.

14, சனி

ஒன்பதுக்கு போன் இல்லை. சைட்டில் சீலா, நெத்திலி. பிழையே இல்லை. காபி ஆறிவிட்டது.

மாலை நான்கு. சைட் வெள்ளை வெளேர். முகவரி, போன் நம்பர், மெஸ் படம், ஒன்றும் இல்லை. எவனோ புகுந்துவிட்டான் என்று பயந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாக, "நான்தான் தொடச்சேன். சாப்பாடு முடிஞ்சா பலகையத் தொடச்சிடணும் இல்ல? பாத்துட்டு வந்து ஏமாந்து போவாங்க" என்றார்.

மெஸ் வாசலில் கரும்பலகை. மீன் தீர்ந்ததும் ஈரத்துணியால் ஒரு எழுத்து விடாமல் துடைப்பார். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அவர் மேல் தப்பே இல்லை. பலகை மட்டும் தேவைப்பட்டவருக்கு முழு மெஸ்ஸையும் துடைக்கக் கொடுத்தது நான்தான்.

15, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். சி.எம்.எஸ்ஸை எடுத்துவிட்டேன்.

பதிலாக ஒரே ஒரு பெட்டி. நாலு வரி எழுதலாம். கீழே 'துடை' என்று ஒரு பொத்தான். எழுதினது மட்டும் போகும், முகவரி அசையாது. இது போதும். முதலிலேயே இதைத்தான் செய்திருக்க வேண்டும்.

போனில் அக்காவிடம் விளக்கினேன். 'துடை' அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு, "அப்ப நாளைலேர்ந்து காலைல நீ போன் எடுக்க மாட்ட" என்றார். முடியாதுக்கா என்றேன். சரி என்றார். ஆனால் உடனே போனை வைக்கவில்லை.

16, திங்கள்

வெயில். ஐ.டி. கார்டில் என் மூஞ்சி கண்றாவி. பக்கத்து சீட்டுப் பெண் விழுப்புரமாம்.

ஒன்றரைக்கு போன் கையில் கிடைத்தது. முதலில் மெஸ் பக்கத்தைத்தான் திறந்தேன். பெட்டியில் நாலு வரியும் நிரம்பியிருந்தது:

சங்கரா கொழம்பு
நெத்திலி வறுவல்
கலைக்கு இன்னிக்கு மொத நாள் வேல
சாப்டியா

ஊரே பார்க்கிற பக்கம். பதில் எழுத அதில் நான் இடமே வைக்கவில்லை. கேன்டீனில் அத்தனை பேர் நடுவில் அழுகை வந்தது. போன் போட்டேன்.