பொலிஷ் போட்ட தாலிக்கொடி

அன்பு மச்சானுக்கு ஸலாம். உங்கள் இருமல் நின்றதா? நான் நலம்.

என்னோடு வேலை செய்த பஸ்னா ஏறாவூருக்குப் போனாள் அல்லவா? அவளது காப்புகளை விமான நிலையச் சுங்கத்தில் பிடித்துவைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து போட்டு வந்த பழைய காப்புகள்தான். புறப்படும் முன் இங்கே பொலிஷ் போட்டிருக்கிறாள். "வெளிநாட்டுல புதுசா வாங்கினதாம், வரி கட்டட்டாம் ரிப்கா" என்று போனில் அழுதாள்.

நீங்கள் பயப்படாதீர்கள். ஆனால் நம் தாலிக்கொடிக்கும் போன வாரம்தான் பொலிஷ் போட்டேன். அது மினுங்குவதைப் பார்த்தால் யாரும் புதியது என்றே சொல்வார்கள். நான் ஊருக்கு வரும்போது போட்டு வரவும் பயம், கழற்றிப் பையில் வைக்கவும் பயம்.

கொடி பழையது என்று சுங்கத்தில் காட்ட, அது தெளிவாகத் தெரியும் நம் கலியாணப் படம் ஒன்றை உடனே அனுப்புங்கள். என்னை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம். சுங்கத்துக்கு என் கழுத்துப் போதும். எனக்கு உங்கள் முகமும் வேண்டும்.

மேடம் கூப்பிடுகிறார்.

ரிப்கா